நுரையீரல் ஸ்கான் பழகப் போகும் பிள்ளைகளுக்கு

காத்தான்குடியிலிருந்து பேராதனை மருத்துவ பீடத்தின் அணு மருத்துவப் பிரிவுக்குப் பழகப் போகும் பிள்ளைகளே, இணைப்புத்திசு நோயாளிகள் வரும்போது இவற்றை மனதில் வையுங்கள்.

1. எதைத் தேடுகிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்க்லெரோடெர்மா, லூபஸ் போன்ற நோய்களில் நுரையீரல் திசு தடித்து இறுகலாம். இரத்தக் குழாய் சுருங்கலாம், அடைபடலாம். தடிப்பைக் காட்டச் சீ.டி.யும் ஊதிப் பார்க்கும் சோதனைகளும் உண்டு. குழாயில் பழைய இரத்த உறைவு இருக்கிறதா என்பதற்கே நம்முடைய ஸ்கான் முதன்மையாகத் தேவை. நுரையீரல் இரத்த அழுத்தம் கூடியவருக்கு இரத்த ஓட்டப் படம் சீராக வந்தால், அந்தச் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது.

2. கையைப் பிடித்துப் பாருங்கள். வாவிக்கரை வெக்கையில் மறைந்திருக்கும் விரல் வெளிறல், ஏசி அறையில் வெளியே வரும். முதலில் போர்வை கொடுத்துக் கையைச் சூடாக்குங்கள். இறுகிய தோலிலும் நாளம் அகப்படும். குளிர்ந்த விரலில் மாட்டிய ஒட்சிசன் கருவியை நம்பாதீர்கள். காது மடலில் மாட்டுங்கள்.

3. தொழிலையும் புகையையும் கேளுங்கள். கைத்தறியா, கல் உடைப்பா? கல்தூசிக்கும் ஸ்க்லெரோடெர்மாவுக்கும் உள்ள தொடர்பைத் தென்னாபிரிக்கச் சுரங்கத் தொழிலாளரிடம் கண்டு 1957இல் எராஸ்மஸ் என்ற ஆய்வாளர் எழுதிவைத்தார். காற்றோட்டப் படத்துக்காக ஆவியாகச் சுவாசித்த டி.டி.பி.ஏ. என்ற கதிரியக்க மருந்து சுகமான நுரையீரலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மணிநேரம் ஆகும். நோயுற்ற நுரையீரலில் அது விரைவாகக் குறையும். சிகரெட் பிடிப்பவரிடமும் அப்படியே. கேட்காமல் விட்டால் நோயையும் புகையையும் பிரித்தறிய வழியில்லை.

4. ஊசியில் அவசரம் வேண்டாம். நோயாளியைப் படுக்கவைத்து, சிரிஞ்சை மெதுவாக அசைத்துவிட்டு ஏற்றுங்கள். இரத்த ஓட்டப் படத்துக்காக ஏற்றும் அல்புமின் துகள்கள் 10 முதல் 90 மைக்ரோமீற்றர். நுண்குழாய்களில் சிக்கித்தான் படம் தருகின்றன. வழக்கமாக 2 முதல் 4 இலட்சம் துகள் போகும்; நுரையீரல் அழுத்தம் மிகுந்தவருக்கு ஓர் இலட்சமளவுக்குக் குறையுங்கள். சிரிஞ்சுக்குள் இரத்தத்தை இழுக்காதீர்கள். அங்கே உறைந்த கட்டி படத்தில் பொய்ப் புள்ளியாக விழும்.

5. காற்றுப் போயும் இரத்தம் போகாத இடம் உறைவைச் சொல்லும். இரண்டும் போகாத இடம் பெரும்பாலும் திசுக் கேடு. ஆனால் குழாய் அழற்சியும் உறைவைப் போலவே காட்டும். சீ.டி.யைப் பக்கத்தில் வைத்தே பாருங்கள். ஆவிப் படத்தில் உணவுக் குழாய் ஒளிர்ந்தால் திகைக்க வேண்டாம். ஸ்க்லெரோடெர்மாவில் அது தளர்ந்து, விழுங்கிய மருந்து தேங்கி நிற்கும்.

6. லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். கர்ப்பமா, பிள்ளைக்குப் பாலூட்டுகிறாரா என்பதைக் கூட வந்தவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பெண் ஊழியரைக் கொண்டு கேளுங்கள். பாலூட்டும் தாய் 12 மணிநேரம் நிறுத்த வேண்டியிருக்கும். பாலை முன்கூட்டியே எடுத்துவைக்க நேரம் கொடுங்கள். முக்காட்டு ஊசிகளைத் தனியறையில் கழற்றட்டும்.

7. இந்த மருந்துகளில் சேர்க்கும் கதிரியக்க டெக்னீசியம் 6 மணிநேரத்தில் பாதியாகும். மட்டக்களப்பு பஸ்ஸுக்காக அது காத்திருக்காது. முதல்நாளே தொலைபேசியில் நேரத்தைச் சொல்லுங்கள்.

8. அறிக்கையில், வைத்தியர் கேட்டதற்கான பதிலை முதல் வரியில் எழுதுங்கள். உறுதியில்லாவிட்டால் அதையும் அதே வரியில் எழுதுங்கள். உறைவைத் தடுக்கும் மருந்தும் சத்திரசிகிச்சையும் அந்த வரியை வைத்தே முடிவாகும்.