வளர்ப்புப் பிராணியின் வைத்தியச் செலவு யார் மடியிலிருந்து?

நம் சங்கக் கூட்டங்களுக்கு வரும் அன்பர்களில் பலர் வீட்டில் ஏதேனும் ஒரு வாயில்லா ஜீவன் உண்டு. பாறசாலைப் பக்கம் என்றால் பசு. பூவாறு, பொழியூர்க் கடற்கரை என்றால் ஆடும் கோழியும். நெய்யாற்றின்கரை நகருக்குள் வாடகை வீட்டில் இருப்போர் என்றால் ஒரு நாயோ பூனையோ. இவற்றுக்கு நோய் வந்தால் செலவை எப்படிச் சமாளிப்பது என்று எழுதும்படி சிலர் கேட்டதால் இக்கட்டுரையை எழுத முற்பட்டேன். நான் மருத்துவன் அல்லன். பொழியூரில் இருபது ஆண்டுகளாகப் பசுவும் நாயும் வளர்ப்பவன், சில காலம் பால் சங்கத்தில் கணக்கு எழுதியவன். அவ்வளவுதான் தகுதி.

பழந்தமிழில் ‘மாடு’ என்றால் செல்வம் என்றும் பொருள் உண்டு என்பதை அன்பர்கள் அறிவர். அரசாங்கமும் காப்பீட்டு நிறுவனங்களும் இன்றுவரை அந்தப் பழைய பொருளில்தான் பிராணிகளைப் பார்க்கின்றன. பால் தருவது, இறைச்சி தருவது, விற்றால் விலை போவது எதுவோ அதற்குப் பொதுப் பணம் வரும். அன்புக்காக மட்டும் வளர்ப்பதற்கு நம் மடியைத்தான் அவிழ்க்க வேண்டும். மாட்டுத் தீவனத்துக்குச் சரக்கு சேவை வரி கிடையாது. கடையில் பொட்டலமாக வாங்கும் நாய்த் தீனிக்கு 18 சதவீத வரி. இதிலிருந்தே விஷயம் விளங்கும். ஒரு நல்ல செய்தி, 2017-ல் அந்த வரி வந்தபோதே கால்நடை மருத்துவமனைச் சிகிச்சைக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த விலக்கு பசுவுக்கும் நாய்க்கும் ஒன்றுதான்.

முதலில் அரசாங்கத்தின் மடி. இங்கே எல்லோரும் ‘மிருகாசுபத்திரி’ என்று சொல்லும் அரசுக் கால்நடை மருத்துவமனையில் டாக்டரைப் பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை. கையிருப்பில் உள்ள மருந்து கிடைக்கும், இல்லாததை வெளியில் வாங்க வேண்டும். நம்மவர்கள் சிலர் ‘அரசு ஆஸ்பத்திரி மாட்டுக்குத்தான்’ என்று எண்ணி நாயைத் தூக்கிக்கொண்டு நேரே தனியார் மருத்துவமனைக்குப் போகிறார்கள். அப்படியில்லை, நாய்க்கும் பூனைக்கும் அங்கே வைத்தியம் உண்டு. மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இலவசமாகப் போடப்படுகிறது. அப்போதுதான் காதில் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லையையும் மாட்டுகிறார்கள். இவ்வூரில் அதற்குப் பெயர் ‘கம்மல்’. இந்தக் கம்மலைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நடக்க முடியாத பசுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எப்படி? 1962 என்ற எண்ணுக்குப் பேசினால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். கேரளத்தில் 2023 ஜனவரியில் இது தொடங்கியபோது வீட்டுக்கு வந்து பார்க்கக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் 450 ரூபாய், நாய் பூனை போன்ற செல்லப் பிராணிகளுக்கு 950 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். பசுவைவிட நாய்க்கு இரு மடங்குக்கும் மேல்! நான் மேலே சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எல்லையோரத்தில் இருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் எண் இதுவேதான், ஆனால் வண்டி வேறு, விதிகள் வேறு. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதைப் பேசத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது காப்பீடு. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மத்திய அரசு 2005-06-ல் 100 மாவட்டங்களில் மானியத்துடன் கூடிய கால்நடைக் காப்பீட்டைச் சோதனையாகத் தொடங்கியது. 2014-15 முதல் அது தேசியக் கால்நடை இயக்கத்தில் சேர்ந்தது. கேரளத்தில் ‘கோசம்ருத்தி’ என்ற பெயரில் கால்நடைத் துறை நடத்தியது. முன்பு வளர்ப்பவரின் பங்கு வட்டாரத்தையும் பிரிவையும் பொறுத்துப் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை இருந்தது. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை அதை 15 சதவீதமாகக் குறைத்தது. மீதியை மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்று பகிர்ந்துகொள்ள வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பசுவின் மதிப்பு 60,000 ரூபாய். ஆண்டுப் பிரீமியம் 3 சதவீதம் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 1,800 ரூபாய். அதில் நம் பங்கு 270 ரூபாய். மீதி 1,530-ல் மத்திய அரசு 918, மாநில அரசு 612. ஒரு பசுவின் ஓராண்டுக் காவலுக்கு 270 ரூபாய் என்பது தேநீர்க் கடைச் செலவைவிடக் குறைவு. ஆனால் திட்டப் பணம் இருக்கும்போதுதான் இது. பணம் தீர்ந்தபின் போனால் முழுத் தொகையும் நம் தலையில். ஆகவே ஆண்டு தொடங்கியதுமே மிருகாசுபத்திரியில் கேட்டு வைப்பது நல்லது. விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அங்கே சொல்வதே சரி.

ஆனால் அன்பர்களே, இந்தக் காப்பீடு பசு இறந்தால் பணம் தரும். பாலிசியில் சேர்த்திருந்தால், பசு நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலும் தரும். வைத்தியத்துக்கு ஒரு பைசா தராது. மடி வீங்கிக் கிடக்கும் பசுவுக்கு ஊசி மருந்து வாங்கிய சீட்டைக் கொண்டுபோய் நீட்டினால் சிரித்து அனுப்பிவிடுவார்கள். பசு பிழைத்தால் செலவு உங்களுடையது, செத்தால் பணம் உங்களுக்கு. இது விபரீதமான ஏற்பாடு என்பது என் கருத்து. கடனில் இருக்கும் ஒரு குடும்பம் ‘இனியும் மருந்து வாங்க வேண்டுமா’ என்று யோசிக்கத் தொடங்கிவிட்டால் அவர்களை முழுதும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்காகக் காப்பீடு வேண்டாம் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பசு போனபின் அடுத்த பசு வாங்க அதுவே வழி.

இறந்த பசுவுக்குப் பணம் பெற நான்கு தாள்கள் போதும் என்பது தேசியத் திட்டத்தின் விதி: நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்ததற்கான கடிதம், பாலிசித் தாள், கோரிக்கைப் படிவம், பிரேதப் பரிசோதனைச் சான்று. இந்த நான்கையும்விட முக்கியமானது காதுக் கம்மல். எங்கள் பால் சங்கத்துக்குப் பால் கொண்டுவரும் ஓர் அம்மாவின் கலப்பினப் பசு வேலியில் காதை உரசிக் கம்மலை அறுத்துக்கொண்டது. அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. இரண்டு மாதம் கழித்து வயிறு உப்பிப் பசு செத்துப்போயிற்று. நிறுவனத்திலிருந்து வந்தவர் நேரே காதைத்தான் பார்த்தார். “கம்மல் எங்கேம்மா?” என்றார். “அது விழுந்து ரெண்டு மாசமாச்சு சாரே, பசு அதுதான். நாட்டுல யார்ட்ட வேணும்னாலும் கேளுங்க” என்றார் இவர். ஊரே சாட்சி சொல்லியும் பணம் வரவில்லை. கம்மல் விழுந்த அன்றே ஆஸ்பத்திரியில் சொல்லி வேறு போட்டு, புதிய எண்ணை நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்திருந்தால் வந்திருக்கும். மாடு கைமாறும்போதும் இப்படித்தான். மார்த்தாண்டம் பக்கத்து உறவினரிடமிருந்து காப்பீடு செய்த மாட்டை வாங்கி வருகிறவர்கள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாறாத பாலிசி பழைய உரிமையாளருக்கும் உதவாது, உங்களுக்கும் உதவாது. காப்பீடு செய்த முதல் சில நாட்களுக்குள் நோயால் இறந்தால் பணம் இல்லை என்ற விதியும் பொதுவாக உண்டு. பசு படுத்தபின் பாலிசி எடுக்க ஓடுவதில் பயனில்லை.

நாய்க்கு வருவோம். (மலையாளத்தில் ‘பட்டி’ என்றால் நாய். எங்கள் சொந்த ஊர் இன்ன பட்டி என்று இங்கே புதிதாக வந்தவர் சொல்லும்போது கேட்பவர் முகம் மாறுவதை நானே பார்த்திருக்கிறேன்.) நாய்க்கு வைத்தியச் செலவையே தரும் காப்பீடு உலகில் உண்டு. சுவீடன் நாட்டில் 1924-லேயே நாய்க் காப்பீடு வந்துவிட்டது. அமெரிக்காவில் 1982-ல்தான் முதல் பாலிசி கொடுத்தார்கள், அதுவும் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற லாஸ்ஸி என்ற நாய்க்கு. லண்டனில் பிள்ளைகள் இருக்கும் நம் அன்பர்கள் அங்கே மாதாமாதம் நாய்க்குப் பிரீமியம் கட்டுவதைக் கேட்டு வியந்திருப்பார்கள். அங்கே கால்நடை மருத்துவக் கட்டணம் ஏறியது பற்றி அந்நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் 2024-ல் முறையான விசாரணையே தொடங்கியது.

இந்தியாவில் அறுவைச் சிகிச்சை, மருத்துவமனையில் தங்கும் செலவு ஆகியவற்றுக்குப் பணம் தரும் நாய்க் காப்பீடுகளைத் தனியார் நிறுவனங்கள் 2020-ல் விற்கத் தொடங்கின. அப்போது பஜாஜ் அலையன்ஸ் என்ற பெயரில் இருந்த நிறுவனம் அவற்றில் ஒன்று. உயர்சாதி நாய்க்கு மட்டுமின்றி நாட்டு நாய்க்கும் கொடுப்பதாகச் சொன்னது பாராட்டத்தக்கது. எடுக்க விரும்புவோர் மூன்றைக் கேளுங்கள். எந்த வயது வரை சேர்ப்பார்கள்? வெளிநோயாளிச் செலவு சேருமா, அல்லது தங்கிச் சிகிச்சை பெற்றால் மட்டுமா? நம் நாய் யாரையேனும் கடித்தால் வரும் நஷ்டஈடு அடங்குமா? இதற்கும் மேலாக ஒன்று உண்டு: தடுப்பூசி போட்டால் தவிர்க்கக்கூடிய நோய்க்கு, ஊசி போடாத நாயின் பெயரில் பணம் கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. அதாவது காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊசிச் செலவு நம்முடையதே.

அந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதை எங்கள் தெருவில் கண்கூடாகக் கண்டேன். ஒரு வீட்டில் ஆசையாக வாங்கிய குட்டிக்குப் பார்வோ நோய் வந்தது. ரத்தக் கழிச்சல், வாந்தி. ஐந்து நாள் குளுகோஸ் ஏற்றினார்கள், நெய்யாற்றின்கரைக்கு ஐந்து நாளும் ஆட்டோவில் போய் வந்தார்கள். குட்டி பிழைத்தது. மொத்தச் செலவு ஒரு நல்ல கறவை ஆட்டின் விலைக்கு வந்தது. அவர்கள் உண்மையிலேயே ஓர் ஆட்டை விற்றுத்தான் கொடுத்தார்கள்! தடுப்பூசிச் செலவு அதில் ஒரு சிறு பங்குகூட ஆகியிருக்காது. வெறிநோய் ஊசிக்கோ இன்னும் பெரிய காரணம் உண்டு. அந்நோய் கண்டபின் நாய்க்கும் வைத்தியமில்லை, மனிதனுக்கும் இல்லை. மூன்று மாதக் குட்டிக்குப் போட்டு, டாக்டர் சொல்லும் நாளில் மறு ஊசியும் போட்டு, பின்னர் ஆண்டுதோறும் தொடர வேண்டும். கேரளத்தில் 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி நாய் வளர்க்கப் பஞ்சாயத்து உரிமமும் வேண்டும். அதற்கு இந்த ஊசிச் சான்றைக் காட்ட வேண்டும்.

கையில் ஒன்றுமே இல்லாதவர்கள் என்ன செய்வது? லண்டனில் ஒயிட்சாப்பல் என்ற ஏழைகள் பகுதியில் 1917-ல் மரியா டிக்கின் என்ற அம்மையார் ஒரு நிலவறையில் ஏழைகளின் பிராணிகளுக்கு இலவச மருந்தகம் திறந்தார். ‘பிராணியை வளர்க்கத் தெரிந்தவனுக்கு வைத்தியம் பார்க்க வக்கில்லையா’ என்று கேட்கிறவர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர் அப்படிக் கேட்கவில்லை. அந்த அமைப்பு இன்றும் நடக்கிறது. சென்னையில் கேப்டன் சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் இவ்வகையில் நாமறிந்தது. நம் எல்லையோரக் கிராமங்களில் அத்தகைய தர்ம மடி எதையும் நம்பி இருக்க முடியாது. இங்கே நடைமுறையில் உதவுவது குடும்பஸ்ரீ அயல்கூட்டம்தான். 1998-ல் தொடங்கிய இந்த மகளிர் குழுக்களில் வாரச் சேமிப்பிலிருந்து சிறு கடன் கிடைக்கிறது. பொழியூரில் ஆடு வளர்க்கும் பெண்களில் பலர் இரவில் டாக்டரை அழைத்தபின் காலையில் கடன் வாங்குவது அங்கேதான்.

கடற்கரையில் இன்னொரு சங்கடம். ஆனி, ஆடியில் கடல் கொந்தளிக்கும், வள்ளம் இறங்காத நாள்கள் வரும், வீட்டில் காசு மெலியும். அதே மழையில்தான் ஆட்டுக்குச் சளியும் கழிச்சலும், ஈரத் தொழுவத்தில் பசுவுக்கு மடிநோயும். ஆகவே பணத்தை மாசி, பங்குனியிலேயே ஒதுக்க வேண்டும். பால் சங்கத்தில் கணக்கு எழுதியபோது நான் சிலரைப் பழக்கிய முறை இது: ஊற்றும் பாலில் லிட்டருக்கு ஒரு ரூபாய் தனியே. நாளைக்கு 8 லிட்டர், ஆண்டில் 300 நாள் என்றால் 2,400 ரூபாய். நாய் வளர்ப்போர் நாளைக்குப் பத்து ரூபாய் உண்டியலில் போட்டால் ஆண்டில் 3,650. பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் போதாது, ஆனால் முதல் நாளே டாக்டரிடம் போகும் தைரியத்துக்குப் போதும். வைத்தியச் செலவு ஏறுவது பெரும்பாலும் நோயால் மட்டுமல்ல, ‘நாளைக்குப் பார்ப்போம்’ என்று கடத்தும் மூன்று நாட்களாலும்தான்.

டாக்டரிடம் சொல்லும்போது மொழி இடறுவதும் செலவுதான். புதிதாக வந்த குடும்பங்களுக்குச் சில சொற்கள். நம் ‘மடி’ மலையாளத்தில் ‘அகிடு’. அங்கே ‘மடி’ என்றால் சோம்பல். பசுவுக்கு மடி என்றால் டாக்டர் என்ன நினைப்பார்! கோமாரி என்பது ‘குளம்பு ரோகம்’. வெறிநோய் ‘பேவிஷபாதை’. கழிச்சலை ‘வயிறிளக்கம்’ என்றால் புரியும். சினையைச் ‘சென’ என்பார்கள்.

காதுக் கம்மல் எண், பாலிசி முடியும் தேதி, கடைசியாக ஊசி போட்ட நாள், மிருகாசுபத்திரியின் தொலைபேசி எண், 1962 ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அது தவிட்டுப் பானைக்கு மேலே சுவரில் இருக்கிறது. பசு படுத்தால் முதலில் அங்கேதான் கை போகும்.