சிறகு தேயாதா?

கேள்வி: கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகள் இமயத்தையே தாண்டுகின்றனவாமே, சிறகு தேயாதா?
– வாசகர், ஓசூர்

பதில்: தேயும். வளர்ந்து முடிந்த இறகு நம் நகம்போல உயிரற்றது. பழுதானால் உதிர்த்துப் புதிதாக வளர்ப்பதுதான் வழி. உங்கள் ராமநாயக்கன் ஏரிக்கரைக் காக்கை ஒவ்வொன்றாக உதிர்ப்பதால் பறப்பது நிற்பதில்லை. வரித்தலை வாத்தோ, குஞ்சு பொரித்தபின் மங்கோலிய, திபெத்திய ஏரிகளில் பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிடும். ஏறக்குறைய ஒரு மாதம் பறக்கவே முடியாது. ஆபத்து வந்தால் தண்ணீர்தான் அடைக்கலம். குஞ்சுகளும் அப்போது பறக்காதவை என்பதால் குடும்பம் பிரிவதில்லை. என்னை வியக்கவைக்கும் ஏற்பாடு இது! புத்திறகு முற்றியதும் தெற்கே கிளம்பும். அடியிலுள்ள அடர்ந்த மென்தூவி குளிரைத் தடுக்கும். ஜிபிஎஸ் கருவி பொருத்திய வாத்து ஒன்று 7,290 மீட்டர் உயரத்தில் பறந்தது பதிவாகியிருக்கிறது.