பதக்கம் பொய் சொல்லுமா?

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கைக்குட்டையில் முடிந்து ஒரு பதக்கத்தை என்னிடம் கொண்டு வந்தான். அவனுடைய தாத்தாவின் தாத்தா முதல் உலகப் போருக்குப் போய் வந்தவர் என்று வீட்டில் சொல்வார்களாம். பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் காட்டியபோது, “இந்தப் பதக்கம் வெள்ளியில்தான் வரும். இது வெண்கலம். ஆகவே போலி” என்று சொல்லிவிட்டாராம். பையனுக்கு விலை முக்கியமன்று. தாத்தாவின் தாத்தா போருக்குப் போனாரா, இல்லையா? அதுதான் அவனுடைய கேள்வி.

“சோதனைச்சாலையில் தராசு இருக்கிறதல்லவா? வா, பதக்கத்தையே கேட்போம்” என்றேன்.

அது 1914 முதல் 1918 வரை நடந்த போருக்காக பிரிட்டிஷ் அரசு வழங்கிய போர்ப் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை; மறுபக்கம் குதிரை மேல் ஒரு வீரன். ஏறத்தாழ 65 இலட்சம் பதக்கங்கள் வெள்ளியில் வழங்கப்பட்டன. இவ்வளவு பெருவாரியாக வழங்கப்பட்ட ஒன்றை யார் போலி செய்யப் போகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்சுக்கு 50 டாலரை ஒட்டி ஏறியபோது, பதக்கத்தைவிட அதிலுள்ள வெள்ளிக்கே மதிப்பு அதிகம் என்று பலர் அவற்றை உருக்கிவிட்டனர். எஞ்சியவற்றுக்குச் சேகரிப்போரிடம் மதிப்புக் கூடியது. தொலைந்ததற்கு ஈடாக அணியவும், நாடகத்துக்கும், திரைப்படத்துக்கும் நகல்கள் செய்வதுண்டு. நகலை நகல் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. அதையே அசல் என்று விற்கும்போதுதான் நமக்குத் தராசு தேவைப்படுகிறது.

முதலில் ரிப்பனைக் கழற்றினோம். பதக்கத்தைக் காற்றில் எடை போட்டோம்: 26.4 கிராம். பிறகு நூலில் கட்டி, முகவையிலுள்ள நீரில் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட்டு எடை போட்டோம்: 23.4 கிராம். எடையிழப்பு 3 கிராம். ஆர்க்கிமிடீஸ் தத்துவம் உங்களுக்குத் தெரியும். 26.4-ஐ 3-ஆல் வகுத்தால் ஒப்படர்த்தி 8.8. நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளியுள்ள கலவைக்கு இது 10.3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். வெண்கலத்துக்கு ஏறத்தாழ 8.8. மலிவான நகல்களில் பயன்படும் துத்தநாகக் கலவையாக இருந்தால் 7-க்கும் கீழே போயிருக்கும்.

பையனின் முகம் வாடிவிட்டது. வியாபாரி சொன்னது சரிதான், வெண்கலம்தான். ஆனால் வெண்கலம் என்பதும் போலி என்பதும் ஒன்றாகுமா? நீரும் தராசும் உலோகம் இன்னது என்று ஓரளவு சொல்லும். அதை யார், எப்போது செய்தார் என்று சொல்லா.

ஆகவே வெர்னியர் காலிப்பரை எடுத்தோம். ஏன் என்று கேளுங்கள்.

அசல் பதக்கம் எஃகு அச்சுகளுக்கிடையே உலோக வில்லையை வைத்து, பேரழுத்தத்தில் அடித்து உருவாக்கப்பட்டது. நகல் செய்பவர் பலர் அந்த அச்சுக்கு எங்கே போவார்கள்? அசலைக் களிமண்ணிலோ ரப்பரிலோ பதித்து, அந்தப் பள்ளத்தில் உருகிய உலோகத்தை வார்க்கிறார்கள். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வெள்ளியும் வெண்கலமும் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை சுருங்குகின்றன. அசலின் விட்டம் 36 மி.மீ.; வார்த்த நகல் 35.3 முதல் 35.6 வரைதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேறுபாடு வெர்னியருக்குத் தெரியும். இதுவும் முழுத் தீர்ப்பு அன்று. சுருக்கத்தைக் கணக்கிட்டு அச்சைப் பெரிதாகவே செய்யும் கெட்டிக்காரர்கள் உண்டு. அவர்களைப் பிடிக்க உருப்பெருக்கி வேண்டும்: வார்ப்பில் காற்றுக் குமிழிகள் விட்டுச் சென்ற ஊசிமுனைக் குழிகள் தெரியும், எழுத்துகளின் ஓரம் சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும்.

எங்கள் பதக்கம் எந்தத் திசையில் அளந்தாலும் 36 மி.மீ. காட்டியது. குழிகள் இல்லை.

வார்ப்பு என்றாலே போலி என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். 1856-இல் தோற்றுவிக்கப்பட்ட விக்டோரியா சிலுவை, பிரிட்டனின் மிக உயர்ந்த போர் விருது, வெண்கலத்தில் வார்த்துக் கையால் செதுக்கி முடிக்கப்படுவதுதான். அதில் வார்ப்பின் தடயம் இல்லாவிட்டால்தான் சந்தேகம்! கிரிமியப் போரில் ருஷ்யர்களிடம் கைப்பற்றிய பீரங்கிகளின் உலோகமே அதில் சேர்கிறது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி வெளியிடும்; பொருளைச் சுரண்டாமலே அதன் கலவையை அறியலாம். அவ்வாறு ஆராய்ந்தபோது எல்லாச் சிலுவைகளும் ஒரே கலவையால் ஆனவை அல்ல என்று தெரிந்தது.

நம் பதக்கத்துக்கு வருவோம். அதன் விளிம்பைச் சாய்வான ஒளியில் பிடித்தோம். தேய்ந்த ஆங்கில எழுத்துகளில் ஓர் எண், ஒரு பெயர், அதன்பின் தொழிலாளர் படை என்பதற்கான சுருக்கம். பெற்றவரின் பெயரை விளிம்பில் பொறிப்பது இப்பதக்கத்தின் வழக்கம். எஃகு எழுத்துகளை அழுத்திப் பொறித்தார்கள். அழுத்திய எழுத்தின் அடிப்பகுதி தட்டையாக இருக்கும். உளியால் செதுக்கிய எழுத்து ஆங்கில ‘வி’ வடிவப் பள்ளமாக இருக்கும். இங்கே சிலர் செய்யும் சூது ஒன்றுண்டு. பதக்கம் அசலாகவே இருக்கும். பெயரை மட்டும் அரத்தால் ராவிவிட்டு, புகழ்பெற்ற சண்டையொன்றில் இருந்த வீரரின் பெயரைப் பொறித்துவிடுவார்கள். ராவிய இடத்தில் விட்டம் குறையும். என்னைக் கேட்டால் முழுப் போலியைவிட இது மோசம். ஒரு மனிதரை அழித்த இடத்தில் இன்னொருவரைக் குடியேற்றுவது.

எங்கள் பதக்கத்தில் விட்டம் குறையவில்லை. எழுத்துகளும் அழுத்திப் பொறித்தவையே.

அப்படியானால் வெண்கலம் ஏன்? போரில் துப்பாக்கி ஏந்தியவர்கள் மட்டுமா இருந்தார்கள்? சாலை போட, மூட்டை இறக்க, தண்டவாளம் பதிக்க இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் மால்டாவிலிருந்தும் தொழிலாளர்கள் சென்றனர். அவர்களுக்கு அதே அச்சில் அடித்த பதக்கம்தான். உலோகம் மட்டும் வெண்கலம். அவ்வாறு வழங்கப்பட்டவை ஏறத்தாழ 1,10,000. வேலைக்கேற்ப உலோகம் என்று அன்றைய அரசு கணக்குப் போட்டிருந்தது. வியாபாரிக்கு இது தெரியவில்லை. பையன் விளிம்பிலிருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தான். வீட்டில் வழங்கும் பெயரேதான்.

ரிப்பனையும் விடவில்லை. இருட்டறையில் புறஊதா விளக்கின் கீழ்ப் பிடித்ததும் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தது. துணிகளுக்கும் சலவைத்தூளுக்கும் வெண்மை கூட்டும் ஒளிர்பொருள்கள் 1940-களில்தான் பரவின. 1919-இல் நெய்த பட்டில் அவை இருக்க இடமில்லை. பையன் திடுக்கிட்டான். வீட்டில் விசாரித்ததில், பழைய ரிப்பன் இற்றுப்போனதால் அவன் பெரியப்பா பல ஆண்டுகளுக்கு முன் புதிது வாங்கிப் போட்டாராம். பழைய ரிப்பனை நவீன சலவைத்தூளில் துவைத்திருந்தாலும் இப்படித்தான் ஒளிரும். ஆகவே அந்த ஒளி ரிப்பனைப் பற்றிய சாட்சி. பதக்கத்தைப் பற்றியது அன்று.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று அகப்படலாம். அகப்பட்டால் புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். முதலில் அழிவது விளிம்பிலுள்ள பெயர்தான். ரப்பர் வளையம் போட்டும் வைக்கக் கூடாது. ரப்பரைக் கடினமாக்கச் சேர்க்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பஞ்சுத் துணியில் சுற்றி, எடையையும் விட்டத்தையும் விளிம்பிலுள்ள எழுத்துகளையும் ஒரு தாளில் குறித்து, அதனுடனேயே வைத்துவிடுங்கள். அந்தப் பையன் ரிப்பன் மாற்றிய செய்தியையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறான்.