மலையில் நிற்கும் சிறுத்தை நமக்குப் பகையா?

"மலையில புலி நிக்குது!" என்று ஒருவர் குரல் கொடுத்தால் போதும், கூடையைப் போட்டுவிட்டு லயமே திரண்டு ஓடும். நாம் புலி என்று சொல்வது உண்மையில் சிறுத்தை. இலங்கைக் காடுகளில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. இங்குள்ள பெரிய வேட்டை மிருகம் சிறுத்தைதான். வளர்ந்த சிறுத்தைகள் நாடு முழுவதிலும் ஆயிரத்துக்கும் குறைவு என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

ஏன் தோட்டத்துக்கு வருகிறது?

தோட்டங்கள் வருவதற்கு முன் இந்த மலைகளில் பெரும்பகுதி காடு. இன்று காடு துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குப் போக, தேயிலை நிரைதான் சிறுத்தைக்குப் பாதை. சில சமயம் தாய்ச் சிறுத்தை செடிக்கடியில் குட்டியை மறைத்து வைக்கும். கேளையாடு, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, முயல் ஆகியவை அதன் இரை. லயத்து நாய் கிடைத்தாலும் விடாது. மனிதரைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கித்தான் போகும். காயம்பட்டால், சுற்றி வளைக்கப்பட்டால், குட்டி பக்கத்தில் இருந்தால்தான் ஆபத்து அதிகம்.

"பிடிச்சு வேற காட்டுல விட்டா என்ன?"

நியாயமான கேள்விதான். இந்தியாவில், மகாராஷ்டிர மாநிலத்து ஜுன்னார் பகுதியில் சிறுத்தைகள் கரும்புத் தோட்டங்களில் வாழ்கின்றன. 2001 முதல் அங்கே பல சிறுத்தைகளைப் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். அதன் பின் மனிதர்மீது தாக்குதல் குறையவில்லை, கூடியது. பழகிய இடத்தை இழந்த மிருகம் தடுமாறும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

சுருக்குக் கம்பி

காட்டுப்பன்றித் தொல்லை நமக்குத் தெரியும். பாடுபட்டு வைத்த கிழங்கும் மரக்கறியும் ஒரே ராத்திரியில் போய்விடும். அதனால் சிலர் சுருக்கு வைக்கிறார்கள். ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும், சில நாளில் இறந்துவிட்டது. பன்றியைத் தின்று குறைக்கும் மிருகத்தையே நாம் கொன்றுவிட்டால், நட்டம் யாருக்கு?

நாம் செய்ய வேண்டியவை

1. சுருக்கு வைக்காதீர்கள். கண்டால் தோட்ட நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள். சிறுத்தையைக் கொல்வது சட்டப்படி குற்றம்.
2. குப்பையையும் மிச்சச் சோற்றையும் குழியில் போட்டு மூடுங்கள். குப்பைக்கு நாயும் பன்றியும் வரும். அவற்றைத் தேடிச் சிறுத்தை வரும்.
3. இரவில் நாயை உள்ளே கட்டுங்கள். மாட்டுப் பட்டியைப் பலமாக அடையுங்கள்.
4. விடியற்காலையிலும் இருட்டிலும் தனியாகப் போகாதீர்கள். நிரையில் இறங்குமுன் சத்தம் கொடுங்கள்.
5. குட்டியைக் கண்டால் தொடாதீர்கள். தாய் திரும்பி வரும். அந்த மலையை விட்டு விலகுங்கள்.
6. மாட்டிய சிறுத்தையைப் பார்க்கக் கூட்டம் கூடாதீர்கள். கம்பி அறுந்தால் முதலில் நிற்பவர்தான் பலி. வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு உடனே அறிவியுங்கள்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

- நம் லயத்துக் குப்பை எங்கே போகிறது?
- இருட்டோடு பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு யார் துணைக்குப் போகிறார்கள்?
- மரக்கறித் தோட்டத்தைச் சுற்றி எல்லோரும் சேர்ந்து வேலி போட முடியாதா?