இது பன் இல்லை... பட்சணம்!

"டாக்டர், ராத்திரி சாப்பாட்டையே நிறுத்திட்டேன். வெறும் ரெண்டு பன், ஒரு டம்ளர் பால். அவ்வளவுதான்!"

சொன்னவர் என் நாத்தனாரின் மாமனார். வயது அறுபத்தெட்டு. ஊர், செஞ்சியை அடுத்த தளவானூர். மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து எழுப்பிய சத்ருமல்லேஸ்வரம் கோயில் இருக்கிறதே, அந்தத் தளவானூர்தான். பத்து வருஷமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பத்தியத்தில் ரொம்பக் கறார்.

அப்படிப்பட்டவருக்கு இரண்டே மாதத்தில் சர்க்கரையும் ஏறி, ரத்தக் கொழுப்பும் ஏறி, எடையும் மூன்று கிலோ கூடிவிட்டது. டாக்டருக்கே ஆச்சரியம். "அது என்ன பன்னுங்க? அடுத்த தடவை ஒண்ணு கொண்டு வாங்க" என்றார்.

கொண்டு போனார்கள். டாக்டர் அதை ஒரு வெள்ளைத் தாளின் மேல் வைத்துவிட்டு, வேறு விஷயம் பேசிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தால், தாளில் எண்ணெய்க் காகிதம் மாதிரி ஒரு வட்டம்! "பார்த்தீங்களா பெரியவரே, வெண்ணெயைத்தான் ராத்திரி டிபனா சாப்பிட்டிருக்கீங்க!"

நடந்தது இதுதான். புதுச்சேரியில் வேலை பார்க்கும் பேரன் சனிக்கிழமைதோறும் ஊருக்கு வரும்போது அங்கிருந்து அரை டஜன் 'பிரியோஷ்' வாங்கி வருவான். பார்ப்பதற்குப் பன் மாதிரியே இருக்கும். நம் வீடுகளில் பன் என்றால் காய்ச்சல்காரர் சாப்பிடும் லேசான ஆகாரம். "பன்தானே, பெரியவருக்குக் கொடு" என்று கொடுத்திருக்கிறார்கள். யார் மேலும் குற்றமில்லை. பெயர் தெரிந்தது, உள்ளே இருப்பது தெரியவில்லை.

உள்ளே இருப்பது தெரிய வேண்டுமானால் ஒரே வழி, நாமே ஒரு தடவை செய்து பார்ப்பதுதான். வாருங்கள், செய்வோம்.

பிரியோஷ் என்றால் என்ன?

செஞ்சிக் கோட்டையை 1750-ல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்தார். 1761 வரை அது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அப்புறம் கோட்டை போயிற்று. 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரியின் நிர்வாகமும் இந்தியாவிடம் வந்தது. ஆனால் அவர்கள் மூட்டிய ரொட்டி அடுப்பு மட்டும் அங்கே இன்றுவரை அணையவில்லை. நீளரொட்டி, குரோசான், பிரியோஷ் எல்லாம் அந்த அடுப்பின் வாரிசுகள்.

பசித்த ஜனங்களைப் பார்த்துக் கேக் சாப்பிடச் சொன்னதாக ஒரு பிரெஞ்சு ராணியின் பெயர் அடிபடுமே, மூலத்தில் அது கேக் இல்லை, பிரியோஷ்! ராணி மரி அந்துவானெத் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. தத்துவ ஞானி ரூசோ தன் சுயசரிதையில் யாரோ ஓர் இளவரசி சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறார். நமக்கு முக்கியம் வேறு: அந்தக் காலத்திலேயே பிரியோஷ் என்றால் பணக்காரப் பண்டம்.

சாதாரண பன்னில் மைதா, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, பேருக்குக் கொழுப்பு. பிரியோஷில் தண்ணீருக்குப் பதில் முட்டையும் பாலும். கூடவே மைதாவின் எடையில் கால் பங்கு முதல் பாதிக்கு மேல்கூட வெண்ணெய்! இதிலேயே அடுக்கடுக்காகப் பிரியும் வகை ஒன்று உண்டு. தளவானூருக்கு வந்தது அதுதான்.

அடுக்கு எப்படி வருகிறது?

வீச்சுப் பரோட்டா தெரியும் அல்லவா? மெல்லிய மாவு, மேலே எண்ணெய், மடிப்பு. இதுவும் அதே தத்துவம்தான். எண்ணெய்க்குப் பதில் குளிர்ந்த வெண்ணெய்த் தகடு. அதை மாவுக்குள் வைத்து மூன்றாக மடித்துத் தேய்க்கிறோம். ஒரு மடிப்பில் 3 வெண்ணெய் அடுக்கு. இரண்டாவதில் 9. மூன்றாவதில் 27!

ஓவன் சூட்டில் வெண்ணெயில் உள்ள ஈரமும் மாவில் உள்ள ஈரமும் ஆவியாகி அடுக்குகளை மேலே தூக்கும். கூடவே ஈஸ்ட் உண்டாக்கிய வாயு மாவைப் பஞ்சாக்கும். வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து மெத்து.

"வெண்ணெய்க்குப் பதில் நெய் போடலாமா?" என்று கேட்பீர்கள். கூடாது. நெய்யில் ஈரம் கிடையாது. நம் ஊர்ச் சூட்டில் தகடாகவும் நிற்காது. வீட்டில் கடைந்த வெண்ணெய்? அதில் மோர் அதிகம். கை பொறுக்காத குளிர்ந்த நீரில் நாலைந்து முறை கழுவி, நன்றாகப் பிழிந்தால் உபயோகிக்கலாம். புதிதாகச் செய்பவர்களுக்குக் கடை வெண்ணெய்தான் சுலபம்.

தேவையான பொருள்கள் (10 எண்ணிக்கைக்கு)

மைதா – 300 கிராம்
முட்டை – 2, குளிர்ந்தது
பால் – 60 முதல் 75 மில்லி, காய்ச்சி ஆறவைத்துக் குளிரூட்டியது
சர்க்கரை – 40 கிராம்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் – ஒன்றரை டீஸ்பூன்
உப்பு – ஒரு டீஸ்பூன் (உப்பு வெண்ணெய் என்றால் அரை டீஸ்பூன்)
மாவில் பிசைய வெண்ணெய் – 40 கிராம்
மடிப்பதற்கு வெண்ணெய் – 120 கிராம்
மேலே பூச – அடித்த முட்டை கொஞ்சம்

முட்டை சாப்பிடாதவர்கள் அதற்குப் பதில் 80 மில்லி பாலும் இரண்டு டீஸ்பூன் கெட்டித் தயிரும் கூடுதலாகச் சேர்க்கலாம். அதைப் பிரியோஷ் என்று சொல்ல முடியாது. ஆனால் ருசியான அடுக்கு பன் நிச்சயம் கிடைக்கும்.

முதல் நாள் சாயங்காலம்

மைதா, சர்க்கரை, ஈஸ்ட், உப்பு எல்லாவற்றையும் கலந்துகொள்ளுங்கள். ஈஸ்ட்டும் உப்பும் ஒன்றின் மேல் ஒன்று நேராக விழ வேண்டாம். முட்டை, பால் விட்டுச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுத் தளர்வாகப் பிசையுங்கள். பத்து நிமிஷம் அடித்துப் பிசைந்த பிறகுதான் 40 கிராம் வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே போட்டால், கொழுப்பு மைதாவின் புரதத்தை மூடிக்கொள்ளும். மாவுக்கு இழுவை வராது.

ஒரு சிறு உருண்டையை விரல்களால் விரித்துப் பாருங்கள். கிழியாமல் பலூன் மாதிரி மெல்லிசாக விரிந்தால் சரி. மூடி ஒரு மணி நேரம் வெளியே வைத்து, பிறகு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில்.

120 கிராம் வெண்ணெயை இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து, 6 அங்குலச் சதுரத் தகடாகத் தட்டி அதையும் உள்ளே வைத்துவிடுங்கள்.

மறுநாள் விடியற்காலை

விடியற்காலை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெண்ணெய் 20 டிகிரியைத் தாண்டினாலே தளரும், 32 டிகிரிக்கு மேல் உருகும். செஞ்சிப் பக்கத்துக் கோடையை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பகலில் வாங்கிய சூட்டைப் பாறை ராத்திரி வரை விடாது. அடுப்பு மூட்டுவதற்கு முன், ஐந்து மணிக்கே மடிப்பு வேலையை ஆரம்பியுங்கள். ஏ.சி. அறை இருந்தால் இன்னும் நல்லது. மார்கழி, தை மாதம்தான் கற்றுக்கொள்ளச் சரியான காலம்.

வெண்ணெய்த் தகட்டை லேசாக வளைத்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் ஐந்து நிமிஷம் வெளியே வையுங்கள். விரலில் ஒட்டினால் உள்ளே வையுங்கள். ஒடியாமல் வளைய வேண்டும், அதுதான் பதம்.

மாவை 6 அங்குல அகலம், 12 அங்குல நீளத்துக்குத் தேயுங்கள். ஒரு பாதியில் வெண்ணெயை வைத்து, மறுபாதியால் மூடி ஓரங்களை அழுத்துங்கள். மெதுவாக 18 அங்குல நீளத்துக்குத் தேய்த்து, கடிதம் மடிப்பது போல மூன்றாக மடியுங்கள். இது முதல் மடிப்பு. அரை மணி ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, மடித்த ஓரம் பக்கவாட்டில் இருக்கும்படி திருப்பி இரண்டாவது மடிப்பு. மறுபடி அரை மணி. பிறகு மூன்றாவது. மறுபடி அரை மணி.

கடைசியாகக் கால் அங்குல கனத்தில் 10க்கு 15 அங்குலமாகத் தேயுங்கள். ஒன்றரை அங்குல அகலத்தில் பத்துப் பட்டைகள் வரும். ஒவ்வொன்றையும் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, வெண்ணெய் தடவிய எவர்சில்வர் கிண்ணத்தில் நிறுத்துங்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டு பங்காக உப்பும். "வெயிலில் வைத்தால் சீக்கிரம் பொங்குமே" என்று இட்லி மாவு ஞாபகத்தில் மொட்டை மாடிக்குக் கொண்டு போகாதீர்கள்! வெண்ணெய் ஒழுகி, அடுக்கு போய்விடும். வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை போதும்.

மேலே முட்டை பூசி, முன்பே சூடாக்கிய ஓவனில் 190 டிகிரியில் 10 நிமிஷம், பிறகு 170 டிகிரியில் 12 முதல் 15 நிமிஷம். நல்ல செம்பழுப்பு நிறம் வந்ததும் எடுத்துக் கம்பித் தட்டில் ஆற வையுங்கள். குக்கரில் செய்ய வேண்டாம். மேலே நிறம் வருவதற்குள் அடி கருகிவிடும்.

என்ன தப்பு நடந்தது?

ட்ரேயில் வெண்ணெய் குளமாக நின்றால், உப்ப வைத்த இடம் அதிகச் சூடு.

அடுக்கே தெரியாமல் கேக் மாதிரி இருந்தால், தேய்க்கும்போதே வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிட்டது.

உள்ளே வெண்ணெய் துண்டு துண்டாக நின்றால், தகடு ரொம்பக் கெட்டியாக இருந்து உடைந்துவிட்டது.

உப்பவே இல்லை என்றால், ஈஸ்ட் பழசு. அல்லது கொதிக்கும் பாலை விட்டு அதைக் கொன்றுவிட்டீர்கள்.

ஒரு உஷார்: பச்சை மாவைக் குழந்தைகள் ருசி பார்க்க விடாதீர்கள். வேகாத முட்டை வயிற்றைக் கெடுக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம்

160 கிராம் வெண்ணெயைப் பத்தால் வகுங்கள். ஒன்றுக்கு 16 கிராம். அதாவது, ஒரு மேஜைக்கரண்டிக்கும் மேல். மைதா, சர்க்கரை, முட்டை எல்லாம் சேர்த்து ஒன்றில் சுமார் 250 கலோரி. நான்கு நடுத்தர இட்லிக்குச் சமம், ஆனால் நான்கு வாயில் காணாமல் போகும்!

கொலஸ்ட்ராலைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றில் ஏறக்குறைய 8 கிராம். ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அந்தக் கொழுப்பு 22 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரு பிரியோஷிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. நம் பெரியவர் ராத்திரிக்கு இரண்டு சாப்பிட்டாரே!

"அப்போ வெண்ணெய்க்குப் பதில் வனஸ்பதியில் செய்தால்?" வேண்டவே வேண்டாம். பாதி ஹைட்ரஜன் ஏற்றிய வனஸ்பதியில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி நல்லதைக் குறைக்கும். இரட்டைக் கெடுதல். 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் சட்டமே வந்துவிட்டது. கடையில் பஃப்ஸ், அடுக்கு பன் வாங்கும்போது எந்தக் கொழுப்பில் செய்தது என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

யார், எவ்வளவு?

ஆரோக்கியமானவர்கள், ஓடியாடும் பிள்ளைகள்: எப்போதாவது ஒன்று. தினசரி டிபன் டப்பாவுக்கு வேண்டாம்.

சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள்: டாக்டரைக் கேட்டுக்கொண்டு விசேஷ நாளில் பாதி. அன்றைக்குச் சாப்பாட்டில் அந்த அளவைக் குறைக்க வேண்டும். கூடவே இனிப்புக் காபி கூடாது.

பித்தப்பைக் கல் உள்ளவர்கள்: கொழுப்பு மிகுந்த உணவு வலியைத் தூண்டலாம். தவிர்ப்பது நல்லது.

காய்ச்சலில் படுத்திருப்பவர்கள்: இது அவர்களுக்கான பன் இல்லவே இல்லை. இட்லி, கஞ்சி போதும்.

பத்தும் ஒரே நாளில் சுட்டால் பத்தும் ஒரே நாளில் தீரும்! நாலை மட்டும் சுடுங்கள். மீதி ஆறைச் சுருட்டியவுடன், உப்ப வைக்காமலே ஃப்ரீசரில் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு, மூன்று வாரம் இருக்கும். வேண்டியபோது முதல் நாள் ராத்திரி ஃபிரிட்ஜுக்கு மாற்றி, காலையில் உப்பவைத்துச் சுடலாம். சுட்டதை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், சீக்கிரம் வறண்டுவிடும்.

போன தையில் தளவானூரில் நானும் நாத்தனாரும் சேர்ந்து செய்தோம். "அண்ணி, இவ்வளவு வெண்ணெயா!" என்று தகடு தட்டும்போதே அவள் வாயைப் பிளந்தாள். திண்ணையில் உட்கார்ந்து பெரியவரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். சுட்டு எடுத்ததும் ஒன்றைத் தட்டில் வைத்து, "மாமா, எடுத்துக்குங்க" என்று நீட்டினாள் மருமகள். அவர் பாதியைப் பிய்த்துக்கொண்டு மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"போதும்மா. இது பன் இல்லை, பட்சணம். பட்சணத்தைப் பட்சணமாத்தான் சாப்பிடணும்."

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது, ஏறிய எடையில் இரண்டு கிலோ இறங்கியிருந்தது. சர்க்கரையும் பழைய அளவுக்கு வந்துவிட்டது. பேரன் சனிக்கிழமைகளில் இப்போதும் வருகிறான். தாத்தாவுக்குக் கொய்யாப்பழம் வாங்கி வருகிறான்.