எல்லைக் கிராமங்களில் பாம்புக்கடி: அவசர ஊழியரின் தீர்மானங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய நடுவழியில் பாறசாலை அமைந்துள்ளது. அதற்கு வடக்கே நெய்யாற்றின்கரையும், தெற்கே மிக அருகில் தமிழ்நாட்டின் களியக்காவிளையும் உள்ளன. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் அமைந்தது. எனினும், ரப்பர்த் தோட்டங்களும் வாழைத் தோட்டங்களும் எல்லையின் இருபுறமும் ஒன்றுபோலவே தொடர்கின்றன. பாம்புக்கடி அபாயமும் அவ்வாறே.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இம்மரணங்களிற் பல, கடிபட்டபின் முதல் சில மணி நேரத்தில் ஏற்படும் தாமதத்தாலும் தவறான முடிவுகளாலும் நேர்கின்றன. ஆகவே, ஆம்புலன்ஸில் செல்லும் ஊழியர் பதற்றத்தினிடையே எவ்வாறு தீர்மானிக்க வேண்டும் என்பது ஆராயத்தக்கது.

ஓர் உதாரணம் இதனை விளக்கும். தரையில் பாய் விரித்து உறங்கிய பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், விடியுமுன் வயிற்றுவலியுடன் விழிக்கிறார். வீக்கமில்லை, காயமுமில்லை, பாம்பை எவரும் பார்க்கவில்லை. வீட்டார் அதனை அஜீரணம் என்கின்றனர். நாடியும் சீராகவே உள்ளது. இங்கே முதலில் தோன்றும் எண்ணத்தைப் பற்றிக்கொள்வதே பெரும் ஆபத்து. கட்டுவிரியனின் பற்கள் மிக நுண்ணியவை. அது கடித்த இடத்தில் வலியோ தழும்போ இல்லாதிருக்கலாம். இரவில் தரையில் உறங்கியவருக்குக் காரணமற்ற வயிற்றுவலி தோன்றினால் விஷக்கடியைச் சந்தேகித்தே தீர வேண்டும். இத்தகைய நிலையில் ஊழியருக்கு உதவுவது, முன்னரே வகுத்துப் பழகிய வரிசையாகும்.

முதலாவது, சுவாசம். இமைகள் தொங்குகின்றனவா, விழுங்க இயலுகிறதா, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்த்து, நேரத்துடன் குறிக்க வேண்டும். சில நிமிடங்களுக்கொரு முறை இதனைத் திரும்பச் செய்ய வேண்டும். முன்பு இருபது வரை எண்ணியவர் பின்பு பத்தில் நின்றால், அவர் பேசிக்கொண்டிருந்தாலும் நிலைமை மோசமாகிறது என்று கொள்க. சுவாசம் குன்றினால் முகமூடி பொருத்திய காற்றுப்பையால் மூச்சளிக்க வேண்டும். மற்றவை யாவும் இதற்குப் பின்னரே.

இரண்டாவது, உறவினர் போட்ட கட்டு. இறுக்கமான கட்டு தீங்கு செய்யும்; ஆகவே அதைப் புதிதாகப் போடலாகாது. முன்னரே இறுகக் கட்டியிருப்பின், வழியில் சட்டென்று அவிழ்ப்பதும் தவறு. தேங்கிய விஷம் ஒருசேரப் பரவலாம். விஷமுறிவு மருந்தும் சுவாச உதவியும் ஆயத்தமாக உள்ள இடத்திலேயே அதனை அகற்ற வேண்டும். கீறுதல், உறிஞ்சுதல் இரண்டும் விலக்கத்தக்கவை. கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்தல் போதுமானது.

மூன்றாவது, செல்லுமிடம். மாநில எல்லை இதற்கு அளவுகோலன்று; பெரிய ஆஸ்பத்திரி என்ற பெயரும் அன்று. விஷமுறிவு மருந்து இருக்கிறதா, சுவாசத்திற்கு உதவ முடியுமா என்ற இரண்டையும் தொலைபேசியில் கேட்டறிந்து, இவ்விரண்டும் உள்ளவற்றில் மிக அருகிலிருப்பதற்கே செல்ல வேண்டும். 1951-இல் நிறுவப்பட்ட திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வசதி மிக்கதேயாயினும், வழியில் மூச்சு நின்றுவிடின் அவ்வசதியால் பயனில்லை. உதவி கோருவோர் 108-ஐ அழைக்கும்போது ஊரின் பெயருடன் மாநிலத்தின் பெயரையும் கூறுதல் நலம். இரு மாநிலங்களிலும் எண் ஒன்றே.

பாம்பைத் தேடிப் பிடிப்பதில் காலம் கழித்தலாகாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் ஒரே மருந்தே தரப்படுகிறது. எனினும், தூரத்திலிருந்து எடுத்த படம் கிடைப்பின் மருத்துவரிடம் காட்டுக. கேரளத் தோட்டங்களில் காணப்படும் கூம்புமூக்குக் குழிவிரியனுக்கு இம்மருந்து பயன்படுவதில்லை. அதன் கடி உயிருக்கு ஆபத்தாகலாம் என்பது இந்தியாவில் 2007-இல்தான் ஐயமற நிறுவப்பட்டது.

இங்கே ஒரு வேறுபாடு கவனிக்கற்பாலது. களத்தில் காத்திருத்தல் பிழை. ஆனால் ஆஸ்பத்திரியில் சில வேளை காத்திருத்தலே சரியான தீர்மானம். விஷக்குறிகள் தெளிவாக இல்லாதபோது, சோப்பின் சுவடில்லாத உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லிலிட்டர் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைக்கின்றனர். அதற்குப் பின்னும் உறையாவிடில் விரியன் விஷம் இரத்தத்தைத் தாக்கியுள்ளது எனத் தெரியும். ஊழியர் குறித்துத் தரும் நேரங்களும், வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் இட்ட கோடும் அம்மருத்துவருக்குப் பெருந்துணையாகும்.

ஆசிரியர்கள் இவற்றை ஊராருக்கும் மாணவருக்கும் எடுத்துரைக்கலாம். குழந்தைக்கும் பெரியவருக்குத் தரும் அளவு மருந்தே தேவை. ஏனெனில் பாம்பு ஆளின் வயதறிந்து விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. பாயில் உறங்குவோர் கொசுவலையைப் பாயின் அடியில் செருகிக்கொள்வதும், இரவில் விளக்கும் காலணியுமின்றி நடவாதிருப்பதும் எளிய காப்புகள். நெருக்கடி வந்தபின் யோசிக்க நேரமிராது. வரிசையை அமைதியான நாளிலேயே பழகி வைத்தவரின் கையில்தான் நோயாளியின் உயிர் காக்கப்படுகிறது.