இன்பத்தின் அளவுகோல்

உயிர்கள் அனைத்தும் இன்பத்தையே நாடுகின்றன. இவ்விஷயத்தில் ஆத்திகருக்கும் நாத்திகருக்கும், துறவிக்கும் இல்லறத்தாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால், ‘இன்பம் என்பது யாது?’ என்று கேட்ட மாத்திரத்தில் இந்த ஒற்றுமை குலைந்துவிடுகிறது. ஒருவருக்கு இன்பமாகத் தோன்றுவது மற்றொருவருக்குச் சுமையாகத் தோன்றுகிறது. இளமையில் எதற்காக ஏங்கினோமோ, அதையே முதுமையில் திரும்பியும் பார்ப்பதில்லை. எல்லோரும் விரும்பும் ஒரு பொருளைப் பற்றி இத்தனை கருத்துகள் எழுவானேன்?

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபடுவோருக்கு இவ்வேறுபாடு சொற்களிலேயே புலப்படும். வடமொழியில் ‘சந்தோஷம்’ என்பது உள்ளதைக் கொண்டு நிறைவடையும் மனநிலையைக் குறிக்கும். பதஞ்சலி முனிவர் அதனை நியமங்களுள் ஒன்றாக, அதாவது பயின்று பெற வேண்டிய ஓர் ஒழுக்கமாக வைத்தார். தமிழில் அதே சொல்லைப் புதிதாக ஏதேனும் கிடைத்தபோது உண்டாகும் களிப்புக்கு வழங்குகிறோம். ‘சுகம்’ என்ற சொல்லோ பேச்சு வழக்கில் உடல்நலம் என்னும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. சொற்கள் இடம் மாறியதற்குக் காரணம், மனிதர் இன்பத்தைத் தேடும் இடம் மாறியதே.

இல்லாததே இன்பமாகத் தோன்றும்

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டில், தமது அறவியல் நூலின் தொடக்கத்திலேயே இக்கேள்வியை எடுத்துக்கொள்கிறார். வாழ்வின் மேலான நன்மை இன்பமே என்பதில் கற்றோரும் கல்லாதோரும் உடன்படுகின்றனர். அது எது என்பதில்தான் மாறுபடுகின்றனர் என்பது அவர் கருத்து. ஒரே மனிதனே நோயுற்றபோது உடல்நலத்தையும், வறுமையுற்றபோது செல்வத்தையும் இன்பம் என்கிறான் என்றும் அவர் காட்டுகிறார்.

இது நுட்பமான கருத்து. நாம் இன்பத்துக்கு இலக்கணம் கூறுவதாக நினைத்துக்கொண்டு, பெரும்பாலும் நமது குறையையே விவரிக்கிறோம். குறைகள் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் இலக்கணங்களும் வேறுபடுகின்றன. குறை தீர்ந்தவுடன் இலக்கணமும் மாறிவிடுகிறது. ஜுரம் நீங்கிய மறுநாள் உடல்நலத்தை இன்பம் என்று கொண்டாடுபவர் எத்தனை பேர்?

இக்காலத்து ஆய்வுகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. 1978-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, லாட்டரியில் பெரும் பரிசு பெற்ற 22 பேரைப் பரிசு பெறாத 22 பேருடன் ஒப்பிட்டது. பரிசு பெற்றோர் மற்றவர்களைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியுடன் இல்லை. நண்பருடன் உரையாடுவது, காலை உணவு போன்ற அன்றாடச் சிறு இன்பங்கள் பரிசு பெறாதோரைக் காட்டிலும் அவர்களுக்குச் சுவை குன்றியிருந்தன. ஆயினும் இதை வைத்துப் பணத்தால் பயனேதும் இல்லை என்று முடிவு கட்டுவது சரியன்று. ஸ்வீடன் நாட்டு லாட்டரியாளர் பலரை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வின்படி, பெரும் பரிசு பெற்றோருக்கு வாழ்க்கையைப் பற்றிய மனநிறைவு கூடியது. அது பத்தாண்டுகளுக்கு மேலும் நீடித்தது. அதே வேளையில், மகிழ்ச்சியிலும் மனநலத்திலும் உண்டான மாற்றம் அதைவிடக் குறைவாகவே இருந்தது. ‘என் வாழ்க்கை நன்றாக அமைந்தது’ என்று சொல்வது ஒன்று. உள்ளம் மகிழ்ந்திருப்பது வேறொன்று.

இரண்டு ஏணிகள்

2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை, நாடுகளை வரிசைப்படுத்த ஓர் ஏணியைப் பயன்படுத்துகிறது. ஹேட்லி கான்ட்ரில் என்ற உளவியலறிஞர் 1965-இல் வெளியிட்ட நூலில் விவரித்த முறை அது. பூஜ்யம் முதல் பத்து வரை படிகள் கொண்ட ஓர் ஏணியைக் கற்பனை செய்யும்படி மக்களிடம் கூறுவார்கள். உச்சிப்படி, அவரவருக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை. அடிப்படி, மிக மோசமான வாழ்க்கை. ‘இப்போது நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்?’ என்பதே கேள்வி. இதில் கவனிக்க வேண்டியது, உச்சி எது என்பதைப் பதில் கூறுபவரே தீர்மானிக்கிறார் என்பது. ஏணி அவரவர் ஆசையால் கட்டப்படுகிறது. ஆசை வளர்ந்தால், நின்ற இடத்தில் நின்றபடியே ஒருவர் கீழே இறங்கிவிடுகிறார்!

தைத்திரீய உபநிஷதத்தின் பிரம்மானந்தவல்லியிலும் ஓர் ஏணி வருகிறது. ஆனந்தத்தைப் பற்றிய விசாரணை என்று அப்பகுதிக்குப் பெயர். நல்லொழுக்கமும் கல்வியும் உடல் வலிமையும் உள்ள ஓர் இளைஞன். செல்வம் நிறைந்த இப்பூமி முழுவதும் அவனுடையது. அவனது இன்பத்தை மனித ஆனந்தத்தின் ஓர் அலகாக உபநிஷதம் கொள்கிறது. அதைப்போல் நூறு மடங்கு மனித கந்தர்வரின் ஆனந்தம். அதைப்போல் நூறு மடங்கு தேவ கந்தர்வரின் ஆனந்தம். இவ்வாறு பித்ருக்கள், தேவர்கள், இந்திரன், பிருகஸ்பதி, பிரஜாபதி என்று பத்து முறை நூறால் பெருகிப் பிரம்மாவின் ஆனந்தத்தில் அந்த ஏணி முடிகிறது.

வியப்பு எண்ணிக்கையில் இல்லை. மனித ஆனந்தத்துக்கு மேலுள்ள ஒவ்வொரு படியிலும் உபநிஷதம் ஒரு குறிப்பைச் சேர்க்கிறது: வேதம் உணர்ந்தவனாய், ஆசையால் தாக்கப்படாதவனாய் இருப்பவனுக்கும் அதே ஆனந்தம் உண்டு என்பது. அவன் அந்த உலகங்களுக்குச் செல்லவில்லை. அந்தப் போகங்களை அடையவும் இல்லை. கல்வியும் குற்றமின்மையும் எல்லாப் படிகளுக்கும் பொது. ஆசையின்மை மிகுவதற்கேற்பவே ஆனந்தம் மிகுகிறது என்று ஆதிசங்கரர் தமது உரையில் விளக்குகிறார். முதல் ஏணியில் ஆசை கூடக் கூட உச்சி விலகிச் செல்கிறது. இரண்டாவது ஏணியிலோ, ஆசை குறையக் குறைய உச்சி நம்மை நோக்கி இறங்கி வருகிறது.

ஆசை நிறைவேறும்போது நடப்பது என்ன?

நெடுநாள் விரும்பிய ஒரு பொருள் கைக்கு வருகிறது, மகிழ்கிறோம். மகிழ்ச்சி பொருளிலிருந்து வந்ததாகக் கருதுகிறோம். அப்படியானால், பொருள் இருக்கும்வரை மகிழ்ச்சியும் இருக்க வேண்டும். எல்லோருக்கும் அது இன்பம் தரவும் வேண்டும். இவ்விரண்டும் நிகழ்வதில்லை. உண்மையில், பொருள் கிடைத்த கணத்தில் ‘வேண்டும், வேண்டும்’ என்று அலைந்த மனம் சற்றே ஓய்கிறது. ஓய்ந்த மனத்தில் ஆத்மாவின் இயல்பான ஆனந்தம் பிரதிபலிக்கிறது. அடுத்த ஆசை எழுந்ததும் நீர் மீண்டும் கலங்குகிறது. வித்யாரண்யர் தமது பஞ்சதசியின் இறுதி ஐந்து அத்தியாயங்களை ஆனந்த விசாரணைக்கே ஒதுக்கினார். விஷயங்களால் வரும் இன்பத்தையும் பிரம்மானந்தத்தின் ஒரு துளியாகவே அங்கு அவர் காட்டுகிறார்.

ஆகவே, மனிதர் வேறுபடுவது இன்பத்தில் அல்ல. எதை அடைந்தால் மனம் ஓயும் என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கையை வகுப்பது அவரவர் குணம். கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் சுகத்தை மூன்றாகப் பிரிப்பதன் கருத்து இதுவே. தொடக்கத்தில் கசந்து முடிவில் இனிப்பது சாத்விகம். தொடக்கத்தில் இனித்து முடிவில் கசப்பது ராஜசம். தொடக்கம் முதல் முடிவு வரை அறிவை மயக்குவது தாமசம்.

பசித்தவனுக்கும் இதே உபதேசமா?

இங்கு ஓர் ஐயம் எழலாம். ‘ஆசையை விடு, ஆனந்தம் வரும்’ என்று வறியவனிடம் சொல்வது கொடுமையல்லவா? ஆம், கொடுமைதான். உபநிஷதம் அப்படிச் சொல்லவும் இல்லை. அதன் ஏணியின் முதற்படியே கல்வி, வலிமை, செல்வம் ஆகியவற்றால் ஆனது. அதே தைத்திரீயத்தின் பிருகுவல்லி, அன்னத்தைப் பெருக்குவதையும், இருப்பிடம் தேடி வந்த எவரையும் மறுக்காதிருப்பதையும் விரதங்களாக விதிக்கிறது. தேவையும் ஆசையும் ஒன்றல்ல. பிறருடைய தேவையை நிறைவு செய்வதும், தன்னுடைய ஆசையை ஆராய்வதும் சாதகனின் கடமை. இதைத் தலைகீழாக்கி, தன் ஆசையை நிறைவு செய்துகொண்டு பிறர் தேவையை ஆராய்பவன் வேதாந்தத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறான்.

இல்லத்தில் இந்தப் பாடம்

இன்பத்தைப் பற்றிய கருத்து வேறுபாட்டால் மிகுதியும் காயப்படுவது அன்புள்ளோரே. மும்பையிலோ டில்லியிலோ பணிபுரியும் மகன், ஊரில் தனித்திருக்கும் பெற்றோரை அன்புடன் தன்னிடம் அழைத்து வருகிறான். எல்லா வசதிகளையும் செய்து தருகிறான். தந்தையோ காலையில் கோயில் வரை நடந்து, நான்கு பேரிடம் பேசித் திரும்பிய நாட்களை எண்ணி வாடுகிறார். மகன், ‘இவ்வளவு செய்தும் திருப்தியில்லையே’ என்று நோகிறான். தந்தை, ‘இவனுக்குப் புரியவில்லையே’ என்று நோகிறார். இருவரிடமும் அன்பில் குறைவில்லை. மகன் தனது ஏணியின் உச்சிப்படியைத் தந்தைக்குப் பரிசளித்தான், அவ்வளவே. மகளுக்குப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரும், மருமகளுக்கு இல்லறம் கற்பிக்கும் மாமியாரும் பல வேளைகளில் இதையே செய்கின்றனர்.

பிறருக்கு இன்பம் தர விரும்புவோர் முதலில் அவரைக் கேட்க வேண்டும். கேட்டபின் பொறுமையுடன் செவிமடுக்க வேண்டும். தனக்கு இன்பம் தேடுவோரோ தன்னையே கேட்க வேண்டும். இன்று இரவு உறங்கச் செல்லுமுன், இம்மாதம் நாம் மகிழ்ந்த ஒரு தருணத்தை நினைத்துப் பார்ப்போம். அப்போது கிடைத்தது எது என்பதைவிட, அந்தக் கணத்தில் மனத்தில் இல்லாமல் இருந்தது எது என்று ஆராய்வோம். அச்சமா, ஒப்பீடா, ‘இன்னும் வேண்டும்’ என்ற பரபரப்பா? நாள்தோறும் இவ்வாறு ஆராயும் பழக்கம் உறுதிப்பட்டால், ஆசைகளில் எது தேவை, எது வெறும் பழக்கம் என்பது தானே தெளியும்.

மனிதனுள் இருப்பதும் சூரியனுள் இருப்பதும் ஒன்றே என்ற உண்மையில் தைத்திரீயத்தின் ஆனந்த விசாரணை நிறைவு பெறுகிறது. படிகள் பல, ஆனந்தம் ஒன்று. அதனைத் தன்னுள் தேடும் தெளிவும், பிறரிடம் அவர் வழியில் மதிக்கும் பணிவும் நமக்கு வாய்க்கட்டும்.